அத்தியாயம் 7: பறக்கும் மிஷினுக்கு நோட்டுப் போடுவது

வீட்டு மாடியில் உட்கார்ந்து கட்டிய ட்ரோனாக இருக்கட்டும், மானியத்தில் வாங்கிய மருந்தடிக்கும் ட்ரோனாக இருக்கட்டும், அதன் நோட்டைத் திறந்தால் மூன்று விஷயம் தெரிய வேண்டும். இதுவரை எவ்வளவு பறந்தது? கடைசியாக இதில் யார் கை வைத்தது, எதற்காக? இன்றைக்கு இதைக் கிளப்பலாமா? முதல் இரண்டையும் எழுதுவதே மூன்றாவதற்குப் பதில் சொல்லத்தான். பக்கம் பக்கமாக எழுதியிருந்தும் அந்தப் பதில் கிடைக்கவில்லை என்றால், அந்த நோட்டை எடைக்குப் போட்டுவிடலாம்.

முந்தைய அத்தியாயங்களில் சட்டம் கட்டுவது, மோட்டார் பொருத்துவது, முதல் பறத்தல் வரை பார்த்தோம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், செல்போன் கடை வைத்துக்கொண்டே ட்ரோன் பழுது பார்க்கும் இளைஞர்கள், ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில் மிஷின் பெற்ற சுய உதவிக் குழுப் பெண்கள் என்று பலர் இந்த நூலைப் படிப்பீர்கள். எல்லோருக்கும் பொதுவான அத்தியாயம் இது ஒன்றுதான்.

அரசு விதிகளைப் பற்றி இங்கே சுருக்கமாக ஒரு நினைவூட்டல். 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால். 10 லிட்டர் டேங்க் வைத்த மருந்தடிக்கும் மிஷின் பெரும்பாலும் ஸ்மால் வகையில் வரும். படிப்பு, ஆராய்ச்சி, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மிஷின் ‘மாடல்’ வகை. அதற்கு வகைச் சான்று வேண்டாம். ஆனால் அதே மிஷினில் டேங்க் மாட்டி, ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் அது மாடல் இல்லை. வகைச் சான்று பெற்ற மிஷினும், தனி அடையாள எண்ணும், ரிமோட் பைலட் சான்றிதழும், மூன்றாம் தரப்புக் காப்பீடும் வேண்டும். சொந்தக் கையால் கட்டியதைக் கூலிக்கு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோட்டு எத்தனை ஒழுங்காக இருந்தாலும் இந்தக் குறையை அது மறைக்காது.

மனிதர் ஏறிப் பறக்கும் விமானத்தைச் சொந்தமாகக் கட்டுவதும் நம் நாட்டுக்குப் புதிதில்லை. 1910-லேயே சென்னையில் ஓட்டல் நடத்திய டி’ஏஞ்சலிஸ் ஒரு விமானம் உருவாக்கிப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். நம் காலத்தில் மும்பையில் விமானி அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு பேர் அமரும் விமானம் கட்டி, அதை விடி-என்எம்டி என்ற எண்ணில் பதிவு செய்து, 2019-இல் பறக்க அனுமதி வாங்கினார். அமெரிக்காவில் இப்படி வீட்டில் கட்டிய விமானங்கள் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. அங்கே பாதிக்கு மேல் வேலையைத் தன் கையால் செய்ததாகக் கட்டியவர் நிரூபிக்க வேண்டும். அதற்குச் சான்றாக நிற்பது அவர் வைத்திருக்கும் கட்டுமான நோட்டும் படங்களும்தான். பொதுவாக முதல் 25 அல்லது 40 மணி நேரத்தை ஒதுக்கப்பட்ட இடத்தில் சோதனையாகவே பறக்க வேண்டும். பிறகு 12 மாதத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை செய்து, ‘பாதுகாப்பாக இயங்கும் நிலையில் இருக்கிறது’ என்று தேதி, மொத்தப் பறத்தல் மணி, கையெழுத்தோடு எழுதி வைக்க வேண்டும். கட்டியவரே தன் விமானத்தைச் சோதித்துக் கையெழுத்திட உரிமம் வாங்கலாம். அடுத்தவர் கட்டியதில் அந்தக் கையெழுத்து செல்லாது. நாம் ட்ரோனுக்குப் போடும் நோட்டின் மூலம் இந்த முறைதான்.

எத்தனை நோட்டு?

மூன்று. ஒன்று மிஷினுக்கு, ஒன்று பேட்டரிகளுக்கு, ஒன்று வேலைக்கு. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதுவது எளிது போலத் தோன்றும். ஆறு மாதம் கழித்துத் தேடும்போதுதான் கஷ்டம் தெரியும். பெரிய விமானங்களில் உடலுக்கு ஒரு நோட்டு, எஞ்சினுக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. எஞ்சினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டினால் அதன் வரலாறும் கூடவே போக வேண்டும். நம் பேட்டரியும் அப்படித்தான். இன்றைக்கு இந்த மிஷினில், நாளைக்கு அந்த மிஷினில்.

தைத்த பைண்டு நோட்டு வாங்குங்கள். தாள் கழன்று வரும் ஃபைல் வேண்டாம். பக்க எண்ணை முதல் நாளே போட்டுவிடுங்கள். பால் பாயிண்ட் பேனா போதும், பென்சில் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடாக அடித்து, அடித்தது படிக்கத் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடுங்கள். ஒயிட்னர் பூசிய நோட்டைக் காப்பீட்டுக்காரர் பார்த்தால் இழப்பீட்டை மறுக்க அவருக்கு வேறு காரணமே தேவைப்படாது.

ஆப்பில் எழுதலாமே என்று கேட்பார்கள். எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் மருந்து கையோடு கழனி வரப்பில் நிற்கும்போது போன் திரையைத் தொட முடியாது. வெயிலில் திரை தெரியவும் தெரியாது. வரப்பில் நோட்டு, வீட்டுக்கு வந்தபின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைப்பது என்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

பிறப்புப் பக்கங்கள்

மிஷின் நோட்டின் முதல் பத்துப் பக்கத்தைக் கட்டும்போதே நிரப்பி முடித்துவிட வேண்டும். அடையாள எண், சட்டத்தின் அளவு, காலி எடை, பேட்டரியோடு எடை, நிறைந்த டேங்கோடு எடை, எடை மையம் எந்த இடத்தில் விழுகிறது என்பதெல்லாம் முதல் பக்கம். அடுத்து ஒவ்வொரு மோட்டாருக்கும், வேகக் கட்டுப்படுத்திக்கும், ஃப்ளைட் கன்ட்ரோலருக்கும், ஜிபிஎஸ்ஸுக்கும் சீரியல் எண், வாங்கிய தேதி, வாங்கிய கடை, பில் எண். மோட்டார்களுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுத்து, எந்தப் பக்கம் எந்த எண் என்று ஒரு படம் வரையுங்கள். அதே எண்ணை ஆர்மிலும் பெயின்ட் பேனாவால் எழுதுங்கள். ‘இடது பின் மோட்டார்’ என்று எழுதினால் எதிரே நின்று பார்ப்பவருக்கு அது வலது.

மூடப்போகும் இடங்களை மூடுவதற்கு முன்பே படம் எடுங்கள். பவர் போர்டில் வைத்த பற்று, சட்டத்துக்குள் ஓடும் ஒயர், ஆர்ம் கிளாம்புக்குள் இருக்கும் திருகு எல்லாம் பிறகு கண்ணில் படாது. ஒரு வருடம் கழித்து ‘இந்த ஒயருக்கு உறை போட்டேனா?’ என்று சந்தேகம் வந்தால், படம் இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் மிஷினையே பிரிக்க வேண்டும்.

ஃப்ளைட் கன்ட்ரோலரில் எந்த ஃபர்ம்வேர் பதிப்பு, டியூனிங் முடிந்த பிறகு சேமித்த அளவுருக் கோப்பின் பெயர் என்ன என்பதும் இங்கேதான் வரும். ஃபர்ம்வேர் மாற்றுவதும் ஒரு பராமரிப்பு வேலைதான். புரொப்பல்லர் மாற்றினால் எழுதுபவர்கள்கூட ஃபர்ம்வேர் மாற்றினால் எழுதுவதில்லை. மறுநாள் மிஷின் வேறு மாதிரி நடந்துகொண்டால் எங்கே தேடுவது என்று தெரியாமல் மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

முதல் பறத்தல்களுக்குத் தனிப் பக்கம் வேண்டும். காலி டேங்கோடு, பிறகு பாதித் தண்ணீரோடு, பிறகு நிறைத் தண்ணீரோடு. ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிடம், காற்று எப்படி, இறங்கிய பிறகு ஆறு மோட்டாரின் சூடு எவ்வளவு, பேட்டரி எத்தனை வோல்ட்டில் இறங்கியது. இந்த எண்கள்தான் உங்கள் மிஷினின் இயல்பு. பிற்பாடு எது கெட்டாலும் இந்தப் பக்கத்தோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

‘ஓகே’ என்று எழுதாதீர்கள்

பலருடைய நோட்டில் இப்படி ஒரு வரி இருக்கும்: ‘மோட்டார் செக் செய்யப்பட்டது. ஓகே.’ எந்த மோட்டார்? எப்படிச் சோதித்தது? என்ன பார்த்தது? படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அதையே இப்படி எழுதலாம்:

‘மொத்தப் பறத்தல் 14.3 மணி. இறங்கியதும் 4-ஆம் மோட்டார் 71 டிகிரி, மற்றவை 54 முதல் 58. கையால் சுற்றினால் சொரசொரப்பு, பக்கவாட்டில் லேசான ஆட்டம். மோட்டார் கழற்றப்பட்டு ஸ்பேர் மாட்டப்பட்டது, புதிய சீரியல் எண் பக்கம் 3-இல். நான்கு திருகும் புதியவை, எம்3, 8 மி.மீ., நீல லாக்டைட். தண்ணீரோடு 6 நிமிடச் சோதனை: 56 டிகிரி. பழைய மோட்டார் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனிப் பெட்டியில்.’

கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகும், அவ்வளவுதான். என்ன குறை, எப்படித் தெரிந்தது, என்ன செய்தது, எதை மாட்டியது, செய்த பிறகு எப்படிச் சோதித்தது, கழற்றியது எங்கே என்று ஆறும் அதில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள். கெட்டுப்போன மோட்டாரை ‘அவசரத்துக்கு ஆகும்’ என்று ஸ்பேர் பெட்டியிலேயே போட்டுவைத்தால், அவசரம் வரும் அன்றைக்கு அது திரும்ப மிஷினில் ஏறிவிடும்.

திருகின் அளவை எதற்கு எழுத வேண்டும் என்பவர்களுக்கு 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பர்மிங்காமிலிருந்து மலகாவுக்குக் கிளம்பிய அந்த விமானம் 17,000 அடியைத் தாண்டியபோது விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டுத் தொங்கினார். ஊழியர்கள் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். எல்லோரும் உயிர் பிழைத்தார்கள். அதற்கு முந்தைய நாள் நள்ளிரவு தாண்டி அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டில் 84, விட்டத்தில் 0.66 மி.மீ. மெலிந்தவை. வேலை செய்தவர் உதிரிபாகப் பட்டியலைப் பார்த்து எண் எடுக்கவில்லை. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண் அளவாக ஜோடி சேர்த்தார். அந்தப் பழைய போல்ட்டுகளே சரியான நீளமில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற விதியும் அந்த வேலைக்கு இல்லை. அனுபவமில்லாதவர் செய்த தப்பு இல்லை இது. அவர் ஷிப்ட் மேலாளர்.

நம் ஊர் ஹார்டுவேர் கடையில் ‘இதே மாதிரி நாலு குடுங்க’ என்று பழைய திருகை நீட்டுவதும் இதே காரியம்தான். பழைய திருகே தப்பானதாக இருக்கலாம். பிறப்புப் பக்கத்தில் அளவு எழுதியிருந்தால் நோட்டைக் காட்டி வாங்கலாம். திருகு இறுக்கிய பிறகு தலையிலிருந்து சட்டம் வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். தளர்ந்தால் கோடு உடைந்து தெரியும். எந்த நிறம் எந்தத் தேதியில் போட்டது என்பதையும் எழுதினால் மறுசோதனையில் நிறம் மாற்றிப் போடலாம்.

மணியா, தடவையா?

மருந்தடிக்கும் மிஷின் ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போல்தான் பறக்கும். டேங்க் காலியாகும் அல்லது பேட்டரி இறங்கும். அதனால் மணிக்கணக்கு குறைவாகத் தெரியும், ஆனால் ஏறி இறங்கியது எக்கச்சக்கமாக இருக்கும். கால்களும், ஆர்ம் மடிப்புகளும், பேட்டரி கனெக்டரும் தேய்வது மணியால் இல்லை, தடவையால். ஆகவே ஒவ்வொரு நாளும் நிமிடம், தடவை இரண்டையும் கூட்டி எழுதுங்கள்.

இதற்கும் ஒரு விமானக் கதை உண்டு, நம் கடற்கரைக்கு இன்னும் பொருத்தமானது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 ஒன்றின் கூரை நடுவானில் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் இறந்தார். அந்த விமானம் பறந்தது சுமார் 35,500 மணிதான். ஆனால் தீவுக்குத் தீவு குட்டிக் குட்டியாகப் பறந்து 89,680 தடவை ஏறி இறங்கியிருந்தது. கூடவே எந்நேரமும் உப்புக் காற்று. உலோகம் களைத்துப்போய், ஒட்டு விட்டு, அரிப்பும் சேர்ந்துகொண்டது.

மரக்காணத்து உப்பளங்களுக்குப் பக்கத்துக் கழனிகளில் பறக்கவிடுபவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு முதலில் கனெக்டரில் பச்சையாகப் பூக்கும், பிறகு மோட்டார் பேரிங்கில் சத்தமாகக் கேட்கும். மிஷின் நோட்டில் ‘இடம்’ என்ற கட்டத்தில் ஊர்ப் பெயர் எழுதுவது அதற்காகத்தான். கடலோரத்தில் அடித்துவிட்டு வந்த அன்று மாலையே ஈரத் துணியால் துடைத்து, கனெக்டரைப் பார்த்து, அதை எழுத வேண்டும். மயிலம் பக்கம் அடித்துவிட்டு வந்தால் அந்த அவசரம் இல்லை. அங்கே மல்லாட்டை (நிலக்கடலை)க் கொல்லையின் செம்மண் புழுதிதான் தொல்லை. அதற்கு மோட்டாரின் உள்ளே ஊதித் தட்டினால் போதும்.

எத்தனை மணி நேரம் பறந்தால் என்ன சோதனை? தயாரிப்பாளர் கையேடு இருந்தால் அதில் உள்ளதுதான் கணக்கு, இந்த நூல் சொல்வதெல்லாம் இல்லை. சொந்தமாகக் கட்டியதற்குக் கையேடு கிடையாது, நீங்கள்தான் எழுத வேண்டும். நான் பரிந்துரைப்பது இது. தினமும் காலையில் புரொப்பல்லரை நகத்தால் வருடிப் பார்ப்பது, ஆர்ம் பூட்டுகள், டேங்க் கசிவு. 10 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை எல்லாத் திருகுக் கோடுகளும், மோட்டார் ஆட்டமும், பம்ப் ஃபில்டரும். 50 மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முறை எல்லா மூடியும் திறந்து, பற்று வைத்த இடங்களை லென்ஸ் வைத்துப் பார்ப்பது. வேலை இல்லாத மாதங்களிலும் வருடத்துக்கு ஒரு முறை முழுச் சோதனை. சும்மா கிடந்த மிஷின் கெடாது என்று நினைப்பது தவறு. எலி ஒயரைக் கடிப்பது சும்மா கிடக்கும்போதுதான்.

எதிர்பாராமல் செய்ய வேண்டிய சோதனையும் உண்டு. பலமாகத் தரையில் விழுந்தது, மரக்கிளையில் உரசியது, தண்ணீர் புகுந்தது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டி, விழுப்புரம் மாவட்டம் முழுக்க வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது நினைவிருக்கும். தண்ணீரில் நின்ற மிஷினைக் காயவைத்து ஆன் செய்தால் அன்றைக்கு ஓடும். இரண்டு மாதம் கழித்து ஒயர் உறைக்குள் பூத்த அரிப்பால் விழும். அதனால் ‘வெள்ளத்தில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எவ்வளவு நேரம், எவை மாற்றப்பட்டன, எவை மாற்றப்படவில்லை’ என்று எழுதுங்கள். மாற்றாததை எழுதுவதுதான் முக்கியம்.

பேட்டரி நோட்டு

மருந்தடிக்கும் மிஷினில் அதிகம் செலவு வைப்பதும், அதிகம் ஏமாற்றுவதும் பேட்டரிதான். ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு பெயர் கொடுத்து, அதன் மேலேயே எழுதிவிடுங்கள். ஜோடியாக மாட்டும் பேட்டரிகளை வாழ்நாள் முழுக்க ஜோடியாகவே வையுங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று சேர்த்தால் பழையது முதலில் சரிந்து, புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். ஒரு பேட்டரிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு சார்ஜுக்கும் ஒரு வரி: தேதி, எத்தனையாவது சார்ஜ், எத்தனை நிமிடம் பறந்தது, இறங்கும்போது மொத்த வோல்ட், செல்களில் மிகக் குறைந்ததும் மிக உயர்ந்ததும், சார்ஜர் எத்தனை மில்லி ஆம்பியர் திரும்ப ஏற்றியது.

12 செல் பேட்டரி நிறைந்தால் 50.4 வோல்ட், அதாவது செல்லுக்கு 4.2. வேலை முடிந்து வைக்கும்போது செல்லுக்கு 3.8 அளவில் வைக்க வேண்டும். நாளைக்கு வேலை இருக்கிறது என்று நிறைத்து வைத்து, மழை வந்து வேலை தள்ளிப்போய், நிறைந்தபடியே ஒரு வாரம் கிடப்பதுதான் நம் ஊரில் பேட்டரி உப்புவதற்குப் பொதுவான காரணம். கத்திரி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். எனவே ‘வைத்தபோது வோல்ட்’ என்றும் ஒரு கட்டம் போடுங்கள். அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும் என்பதற்காகவே மீட்டர் வைப்பீர்கள், மீட்டர் வைத்தால் தப்பு தெரிந்துவிடும்.

உள் எதிர்ப்பைக் காட்டும் சார்ஜர் இருந்தால் மாதம் ஒரு முறை ஒவ்வொரு செல்லுக்கும் மில்லி ஓம் எழுதுங்கள். தனியாக ஒரு எண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஜனவரியில் 2, மார்ச்சில் 2.5, மே மாதம் 4 என்று வரிசையாகப் பார்த்தால் பேட்டரி போகும் வழி தெரியும். புதிதாக வாங்கியபோது இருந்ததைப் போல இரண்டு மடங்கு ஆனால் நிறை டேங்கோடு பறக்கும் வேலையிலிருந்து அதற்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. உப்பலைக் கண்ணால் பார்த்துச் சொல்லாதீர்கள். நடுவில் தடிமனை வெர்னியரால் அளந்து எழுதுங்கள்.

வேலை நோட்டு

இந்த நோட்டு மிஷினைப் பற்றியது போலத் தோன்றாது. ஆனால் விவசாயி சண்டைக்கு வரும் நாளில் கைகொடுப்பது இதுதான். தேதி, ஊர், பயிர், பரப்பு, மருந்தின் பெயர், ஏக்கருக்கு எவ்வளவு, தண்ணீர் எத்தனை லிட்டர், பறந்த உயரம், காற்று, தொடங்கிய நேரம், முடிந்த நேரம். பரப்பில் ஒரு சிக்கல் உண்டு. நம் பக்கத்துப் பெரியவர்கள் காணியில் சொல்வார்கள், மிஷின் ஏக்கரில் காட்டும். ஒரு காணி 1.32 ஏக்கர். ‘ரெண்டு காணி’ என்று கேட்டு 2 ஏக்கர் என்று எழுதினால் மருந்து முக்கால் பங்குதான் விழும். அவர் சொன்னதையும் எழுதுங்கள், மிஷின் காட்டியதையும் எழுதுங்கள்.

மல்லாட்டைக் கொல்லைக்காரர் ஒருவர் டேங்கைப் பார்த்துக் கேட்பார்:

“தம்பி, நேத்து எங்க அடிச்சிட்டு வர்றீங்க?”

“நெல்லுக்குங்க ஐயா.”

“பூச்சி மருந்தா, களைக்கொல்லியா?”

அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நெல்லில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல அடிக்கும் 2,4-டி டேங்கிலோ குழாயிலோ கொஞ்சம் தங்கினாலும் மல்லாட்டை, உளுந்து, பருத்தி மூன்றும் சுருண்டுபோகும். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கும் அளவுக்கு மல்லாட்டை இந்த மண்ணின் பயிர். பக்கத்திலேயே நெல்லும் இருக்கிறது. ஒரே மிஷின் காலையில் அங்கே, மாலையில் இங்கே. ஆகவே ‘கடைசி மருந்து’, ‘கழுவியது’ என்று இரண்டு கட்டம் கட்டாயம் வேண்டும். மூன்று முறை தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் பம்பை ஓட்டி நாசில் வழியாகவே வெளியேற்றியது என்று எழுதி, யார் கழுவினார் என்று பெயர் போடுங்கள். களைக்கொல்லிக்கென்றே தனி டேங்கும் குழாயும் வைக்க முடிந்தால் இந்தக் கவலை குறையும். வைக்க முடியாதவர்கள் நோட்டை நம்புங்கள்.

நாசில் சோதனையும் இங்கேதான். ஒவ்வொரு நாசிலுக்கும் கீழே அளவுக் குவளை வைத்து ஒரு நிமிடம் ஓட்டி, மி.லி. எழுதுங்கள். மற்றவற்றைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் மாறினால் அதைக் கழற்றிக் கழுவுங்கள். கழுவியும் சரியாகவில்லை என்றால் புதிது மாட்டுங்கள். ஊசி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும்.

மிஷின் தானே எழுதும் நோட்டு

ஃப்ளைட் கன்ட்ரோலரும் எழுதுகிறது, நம்மைவிட நுணுக்கமாக. ஆர்டுபைலட் ஓட்டும் கன்ட்ரோலர் ஒவ்வொரு பறத்தலையும் மெமரி கார்டில் பதியும். மொத்தம் பறந்த நேரத்தையும், எத்தனை தடவை ஆன் செய்யப்பட்டது என்பதையும்கூடத் தனியாகக் கூட்டி வைத்திருக்கும். அந்த எண்ணும் உங்கள் நோட்டில் உள்ள கூட்டலும் மாதம் ஒரு முறை ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒத்துப் போகாவிட்டால் யாரோ எழுதாமல் ஓட்டியிருக்கிறார்கள். அதிர்வு அளவையும் மாதம் ஒரு முறை எடுத்து எழுதுங்கள். அது வினாடி வர்க்கத்துக்கு 30 மீட்டருக்குள் இருந்தால் கவலை இல்லை, 60-ஐத் தாண்டினால் கட்டாயம் ஏதோ கோளாறு. 12-இல் இருந்தது 25-க்கு வந்தாலும் ‘30-க்குள்தானே’ என்று விடாதீர்கள், புரொப்பல்லரையோ பேரிங்கையோ பாருங்கள்.

ஆனால் மிஷினின் பதிவு மட்டும் போதாது. நேற்று மாலை தென்னை மட்டை உரசியது அதற்குத் தெரியாது. திருகு மாற்றியதும் தெரியாது. மெமரி கார்டு நிறைந்தால் பழையதையே அழித்துக்கொண்டு போகவும் செய்யும்.

கையெழுத்து

பஸ் டெப்போவில் ‘பிரேக் இடது பக்கம் இழுக்கிறது’ என்று ஓட்டுநர் எழுதிக் கொடுப்பதும், சரிசெய்த மெக்கானிக் அதற்கு நேரே கையெழுத்துப் போடுவதும் போல, குறையும் தீர்வும் ஒரே வரியில் எதிரெதிரே நிற்க வேண்டும். குறை எழுதி எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் அன்றைக்கு மிஷின் கிளம்பாது. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் ஒரு கோட்டத்துக்கு விழுப்புரம்தான் தலைமையிடம். நோட்டை நம்பிப் பிழைப்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

தனியாக வேலை செய்பவர்கள் மோட்டார், புரொப்பல்லர், ஆர்ம் பூட்டு இந்த மூன்றில் கை வைத்தால் மட்டுமாவது இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவருக்கு ட்ரோன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘ஆறு புரொப்பல்லரும் ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்த்தேன்’ என்று அண்ணனோ அக்காவோ கையெழுத்துப் போட்டால் போதும். சுய உதவிக் குழுவில் பைலட் ஒருவர், உதவியாளர் ஒருவர் இருப்பார்கள். இருவரும் முறை மாற்றிச் சோதியுங்கள்.

அடிபட்டால், விற்றால்

விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு முன் நோட்டில் எதையும் சேர்க்காதீர்கள், திருத்தாதீர்கள். அன்றைய பக்கத்தின் கீழே கோடு போட்டு, நேரம் எழுதி நிறுத்துங்கள். மெமரி கார்டைக் கழற்றி ஒரு உறையில் போட்டு வையுங்கள். உடைந்த பாகங்களைக் கழுவாதீர்கள். புதுச்சேரி விமான நிலையத்துக்கு அருகில் வானூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பறக்கவிட்டிருந்தால், கிளம்பும் முன் வான்வெளி வரைபடத்தில் பார்த்த நிறம் என்ன, எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று வேலை நோட்டில் எழுதியிருக்கிறதா என்பதுதான் முதலில் கேட்கப்படும். அந்தக் கட்டத்தை இன்றே கோடு போட்டு வையுங்கள்.

விற்கும்போது அடையாள எண்ணைப் புதியவர் பெயருக்கு மாற்றுவதோடு, மிஷின் நோட்டையும் அதோடு போகும் பேட்டரிகளின் பக்கங்களையும் கொடுத்துவிட வேண்டும். வேலை நோட்டு உங்களுடையது, அதில் விவசாயிகளின் விவரம் இருக்கிறது, அதைக் கொடுக்காதீர்கள். மிஷினைப் பிரித்துப் பாகமாக விற்றால், 2-ஆம் மோட்டார் 41 மணி ஓடியது என்று நோட்டில் உள்ளதைச் சீட்டில் எழுதி அந்த மோட்டாரிலேயே கட்டி அனுப்புங்கள். உயிர் போன பேட்டரியின் பக்கத்தில் குறுக்குக் கோடு அடித்து, முழுக்க வடித்து மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்த தேதியை எழுதுங்கள். அந்தப் பெயரைப் புதிய பேட்டரிக்குத் திரும்பவும் வைக்காதீர்கள்.